நான்கு இளைஞரும் ஒரு பென்னியும்

எமது கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன், சென்ற தவணையின் இறுதியிற் சில தாள்களைக் கொண்டுவந்து எம்மிடம் நீட்டினான். அவனும் அவன் நண்பர் மூவருமாகச் சேர்ந்து தாமே பாட்டுக்கள் இயற்றிப் பாடி வருகின்றனர். கிற்றார் ஒன்று, மிருதங்கம் ஒன்று, இரவல் வாங்கிய கீபோட் ஒன்று. இவையே அவர்களது முதல். இணையத்தில் அவர்கள் ஏற்றிய பாட்டொன்றைப் பலர் விரும்பிக் கேட்கவே, இசை வெளியிடும் நிறுவனமொன்று ஒப்பந்தம் செய்ய முன்வந்திருக்கிறது. தாள்களைப் புரட்டினோம். இதுவரை இயற்றிய பாட்டுக்களோடு இனிமேல் இயற்றப்போகும் பாட்டுக்களும் நிறுவனத்துக்கே உரியன என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. இதை வாசித்தாயா என்று கேட்டோம்.

"வாசிச்சனான் சேர். முதல்ல பேர் வரட்டும். பேர் வந்திட்டால் பிறகு நாங்கள் சொல்லுறதுதானே சட்டம்" என்றான்.

இதை வெறும் பிள்ளைப் பேச்சென்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. ஒரு குழுவுக்கு உலகப் புகழ் வாய்க்குமாயின், அதைச் சூழ்ந்துள்ள தொழில் முழுவதும் அதன் விருப்பத்துக்கு வளைந்துகொடுக்கும் என்பது வயது வந்தோரும் நம்புகின்ற ஒன்றே. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கக் கற்பனைக் குழு ஒன்றைப் படைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்திலே, இலிவர்பூல் என்னும் துறைமுக நகரிற் பிறந்த நான்கு இளைஞரின் வரலாறு இருக்கிறது. ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் என்னும் அந்நால்வரையும் உலகம் பீற்றில்ஸ் என்று அறியும்.

அவர்கள் தோன்றிய காலத்தில் இங்கிலாந்தின் இசைத்தட்டுத் தொழில் எவ்வாறிருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். டெக்கா, ஈ. எம். ஐ. என்னும் இரு பெருங் கம்பனிகள் அத்தொழிலில் ஓங்கி நின்றன. ஈ. எம். ஐ. எமக்கும் அந்நியமானதன்று. கிராமபோன் குழலின் முன்னே நாயொன்று செவிசாய்த்திருக்கும் படத்தோடு எம் பாட்டன்மார் வாங்கிப் பேணிய தட்டுக்கள் அக்கம்பனியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வேலைகள் யாவும் அங்கே பிரிக்கப்பட்டிருந்தன. பாட்டை எழுதுபவர் ஒருவர்; அதன் உரிமையை வைத்திருக்கும் வெளியீட்டாளர் இன்னொருவர்; எந்தப் பாட்டை எவர் பாடுவதென்று தீர்மானிப்பவர் கம்பனியின் அலுவலர். பாடகர் குறித்த நேரத்துக்கு வந்து, கொடுத்ததைப் பாடிவிட்டுப் போகவேண்டியதே. இலண்டனில் அபே வீதியில் இருந்த ஈ. எம். ஐ. ஒலிப்பதிவுக்கூடத்திலே தொழில்நுட்ப ஊழியர் வெள்ளை மேலங்கி அணிந்திருப்பர். காலை, பிற்பகல், இரவு என மும்மூன்று மணி நேரமாக வேலை நடைபெறும். வைத்தியசாலை ஒழுங்கு என்று சொன்னாற் பொருந்தும்.

1962 ஜனவரி முதலாந் திகதி இந்நால்வர் குழு டெக்கா கம்பனியிற் பாடிக் காட்டியது. (அன்று மத்தளம் வாசித்தவர் வேறொருவர், றிங்கோ அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே வந்து சேர்ந்தார்.) டெக்கா வேண்டாமென்று விட்டது. அடுத்த ஆண்டு, ஜோர்ஜ் ஹரிசனே சுட்டிக்காட்டிய ரோலிங் ஸ்ரோன்ஸ் என்னும் குழுவை அதே டெக்கா அள்ளிக்கொண்டது தனிக்கதை. குழுவின் முகாமையாளர் பிறையன் எப்ஸ்ரீன் இலிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். அவர் கம்பனி கம்பனியாக ஏறி இறங்கி, ஈற்றில் ஈ. எம். ஐ. யின் சிறு கிளைகளுள் ஒன்றான பார்லபோனை அடைந்தார். நகைச்சுவைத் தட்டுக்களுக்குப் பெயர்பெற்றிருந்த அக்கிளைக்குப் பொறுப்பாயிருந்த ஜோர்ஜ் மார்ட்டின் என்பவரே இவர்களை ஏற்றுக்கொண்டார்.

ஒப்பந்தம் என்ன? இருபுறமும் பாட்டுள்ள சிறு தட்டொன்று விற்றால் நால்வருக்கும் சேர்த்து ஒரு பென்னி. அக்காலத்தில் ஒரு பவுணுக்கு 240 பென்னி. ஆகவே 240 பேர் கடைக்குச் சென்று தட்டு வாங்கினாற்றான் ஒரு பவுண் வரும். அதிலும் முகாமையாளரின் பங்கு போக எஞ்சியதை நால்வர் பிரிக்கவேண்டும். அறிமுகமில்லாத இளைஞருக்கு அந்நாளில் இது புதுமையான கொடுமையுமன்று. தொழிலின் வழக்கமே அதுவாயிருந்தது.

புகழ் ஏதும் இல்லாத அந்நாளிலேயே அவர்கள் ஒன்றைச் சாதித்தனர். முதற்றட்டுக்கென்று மார்ட்டின் வேறொருவர் எழுதிய பாட்டைத் தேர்ந்து கொடுத்தார். மறுக்காது பாடிக் கொடுத்தார்கள். ஆயினும் வெளிவருவது தாம் இயற்றிய பாட்டாகவே இருக்கவேண்டும் என்று நின்றார்கள். மார்ட்டின் இணங்கினார். 1962 ஒக்ரோபரில் வெளிவந்த அவர்களது சொந்தப் பாட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலிற் பதினேழாம் இடத்தோடு நின்றுவிட்டது. விலக்கப்பட்ட பாட்டையோ அதே இலிவர்பூலைச் சேர்ந்த இன்னொரு குழு பாடி 1963 இல் முதலிடத்துக்குக் கொண்டுசென்றது. மார்ட்டினின் செவி பிழையானதன்று. எனினும் இளைஞரின் பிடிவாதமே தொழிலின் போக்கை மாற்றியது. பாடுகிறவரே இயற்றவும் வேண்டும் என்ற வழக்கம் ஆங்கிலப் பாட்டுலகில் வேரூன்றியது பெரிதும் இவர்களுக்குப் பின்னரேயாம்.

பின்னர் வந்த புகழை இங்கே விரித்துரைப்பது வேண்டாத வேலை. 1964 பெப்ரவரி 9 ஆந் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சலிவன் நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடி 30 இலட்சம் பேர் பார்த்தனர். ஏப்ரில் 4 ஆந் திகதி அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களிலும் இவர்களின் பாட்டுக்களே நின்றன. ஓராண்டுக்கு முன் இவர்களது தட்டுக்களை வெளியிட மறுத்தது ஈ. எம். ஐ. யின் சொந்த அமெரிக்கக் கிளையே என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்வோம்.

புகழ் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த பொருள்களுள் தலையாயது எதுவென்று கேட்டால், பணத்தையன்று, நேரத்தையே நாம் கூறுவோம். 1963 பெப்ரவரி 11 ஆந் திகதி, தமது முதல் நீள்தட்டுக்கான பத்துப் பாட்டுக்களை அவர்கள் ஒரே நாளிற் பாடி முடித்தனர். லெனனுக்கு அன்று தடிமன். தொண்டையை நாசமாக்கும் பாட்டொன்றைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்து, இரவிலே கத்திப் பாடி முடித்தார். நான்காண்டு கழித்து, 1967 இல் வெளிவந்த 'சார்ஜன்ற் பெப்பர்' என்னும் நீள்தட்டுக்கு ஏறத்தாழ 700 மணி நேரம் சென்றது. மூன்று மணி நேர ஒழுங்கு எங்கோ போய்விட்டது. நள்ளிரவு கடந்தும் கூடம் விழித்திருந்தது. வெள்ளை மேலங்கிக்காரர், விதிநூலில் இல்லாத வேலைகளையெல்லாம் செய்யலாயினர். ஒரே பகுதியை இருமுறை பாடுவது லெனனுக்குச் சலிப்பைத் தந்தது. அதற்காகவே கென் ரவுன்சென்ட் என்னும் ஊழியர், ஒரு குரலை இரு குரலாகக் காட்டும் நாடாப் பொறிமுறை ஒன்றை 1966 இல் அமைத்துக் கொடுத்தார். பின்னர் எத்தனையோ பாடகர் அதனாற் பயன்பெற்றனர்.

இவ்விடத்திற் சொந்தக் கதை ஒன்றுக்கு இடங்கொடுக்கவேண்டும். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்திலே எமக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சில்லிலே படியவைத்து, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற ஏனையோர் சூழ்ந்திருந்து பாட்டுக் கேட்பது அக்காலத்து வழக்கம். எம் மாமா ஒருவரிடம் பீற்றில்ஸ் பாடிய ஒலிநாடா ஒன்றிருந்தது. சுற்றுகிற கை ஓய்ந்தால் பாட்டுத் தாழ்ந்து, குரல் தடித்து இழுபடும். மீண்டும் வேகம் பிடித்தால் மெல்ல ஏறித் தன்னிலைக்கு வரும். "ஒழுங்காச் சுத்தடா" என்று மாமா அதட்டுவார். இதே வித்தையைப் பீற்றில்ஸ் வேண்டுமென்றே செய்திருந்தனர் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே வாசித்தறிந்தோம். 'ஸ்ரோபெரி பீல்ட்ஸ்' என்ற பாட்டை அவர்கள் 1966 இன் இறுதியில் வெவ்வேறு வேகத்திலும் சுருதியிலும் பலமுறை பதிந்தனர். ஒன்றின் தொடக்கமும் இன்னொன்றின் முடிவும் லெனனுக்குப் பிடித்தன. இரண்டையும் ஒட்டித் தருமாறு கேட்டார். மார்ட்டினும் அவரது ஒலிப்பதிவாளர் ஜெவ் எமெரிக்கும் ஒரு நாடாவை விரைவாக்கி, மற்றதைத் தாமதமாக்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் சென்றதும் வெட்டி ஒட்டினர். இன்றும் கூர்ந்து கேட்போர்க்கு அந்த ஒட்டுத் தெரியும். புதிய குழு ஒன்று இவ்வாறு கேட்டிருந்தால் வாயிற்கதவையே காட்டியிருப்பார்கள்.

நீள்தட்டும் அவர்களாற் புதுப்பொருளாயிற்று. அங்குமிங்கும் பொறுக்கிய பாட்டுக்களின் கட்டு என்ற நிலைமாறி, முதலிலிருந்து முடிவு வரை ஒரே அமர்விற் கேட்பதற்குரிய ஆக்கமாயிற்று. 'சார்ஜன்ற் பெப்பர்' உறையிலே பாட்டின் சொற்கள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. சொல்லும் வாசிக்கத்தக்கது என்ற மதிப்பை அது பாட்டுக்குத் தந்தது. தமிழாசிரியர் என்ற வகையில் இதை நாம் விசேடமாகப் பாராட்டுகிறோம்.

ஆனால் இயற்றுபவரே பாடவேண்டும் என்ற புது விதியால் விளைந்தது முழு நன்மையன்று. நியூயோர்க்கில் பிறருக்கென்று பாட்டெழுதிப் பிழைத்த திறமைசாலிகள் பலருக்கு வேலை குறைந்தது. நன்றாகப் பாடக்கூடிய, ஆனால் எழுதத் தெரியாத எத்தனையோ குழுக்கள் எழுதியே தீரவேண்டியதாயிற்று. அவ்வாறு பிறந்த பாட்டுக்களைக் கேட்டவர்கள் பாவம். சொல்லும் இசையும் ஒருங்கே படைப்பவரை வாக்கேயகாரர் என்று எம்மவர் போற்றினர். ஆனால் பாடுகிற ஒவ்வொருவரும் வாக்கேயகாரராகவேண்டும் என்று எம்மரபு வற்புறுத்தியதில்லை.

மேடையிலே நடந்தது வேறு. 1965 ஓகஸ்ட் 15 ஆந் திகதி நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000 இற்கும் மேற்பட்டோர் கூடினர். அவர்களின் கூக்குரலை வெல்லும் ஒலிபெருக்கி அன்று இல்லை. தாம் வாசிப்பது தமக்கே கேளாத நிலையில், முன்னே நிற்பவர்களின் அசைவைப் பார்த்தே றிங்கோ தாளம் பிடித்தார். 1966 ஓகஸ்ட் 29 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு ஊர்ப்பயணத்தை அவர்கள் நிறுத்திவிட்டனர். உச்சப் புகழில் நிற்கும் குழு மேடையை விட்டிறங்கி, தட்டையே தன் தொழிலாகக் கொள்வது அதற்குமுன் எவரும் எண்ணிப் பாராதது. தாம் செல்லாத இடங்களுக்குத் தம் பாட்டைப் படம்பிடித்து அனுப்பினர்.

மேடை பற்றிய இன்னொரு செய்தி எம் மாணவனுக்கு வேண்டியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தும் வழக்கம் அன்றிருந்தது. 1964 செப்டெம்பரில் ஜாக்சன்வில் நகரில் அவ்வாறு பிரித்தாற் பாடமாட்டோம் என்று நால்வரும் அறிவித்தனர், பிரிவினை கைவிடப்பட்டது. அத்தோடு விட்டார்களா? 1965 இல் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த மண்டபமொன்றில் நடந்த கச்சேரிக்கான ஒப்பந்தத்தில், பிரித்து அமர்த்தப்பட்ட சபையின் முன் பாட வேண்டியதில்லை என்ற வாசகமே சேர்க்கப்பட்டிருந்தது. சொல்லாற் பெற்றதை எழுத்தில் ஏற்றினர். இவ்வளவு தெளிவு தம் சொந்தச் சொத்தைப் பற்றியும் அவர்களுக்கு இருந்திருக்கலாமே என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

ஏனெனில் அந்தப் பக்கம் இருண்டது. பீற்றில்ஸ் பெயரிற் பொய்ம்முடியும் பொம்மையும் பொத்தானும் விற்கும் உரிமையை, அமெரிக்கப் புகழ் வருவதற்குச் சற்று முன், எப்ஸ்ரீன் தரப்பினர் ஒரு கம்பனிக்குக் கொடுத்தனர். நூற்றுக்குத் தொண்ணூறு கம்பனிக்கு. பத்தே குழுவின் பக்கத்துக்கு. பின்னர் வழக்காடியும் பேசியும் அப்பங்கை உயர்த்தினர். அதற்குள் வெள்ளம் பெருகி வடிந்துவிட்டது.

இதனினும் பெரியது பாட்டுக்களின் கதை. 1963 இன் தொடக்கத்தில் லெனனும் மக்கார்ட்னியும் இயற்றும் பாட்டுக்களுக்கென்று 'நோதேர்ன் சோங்ஸ்' என்ற கம்பனி அமைக்கப்பட்டது. பாதி வெளியீட்டாளர் டிக் ஜேம்ஸின் தரப்புக்கு. எழுதிய இருவருக்கும் தலைக்கு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. எஞ்சிய சிறு பங்கு முகாமையாளருக்கு. கையொப்பமிட்டபோது மக்கார்ட்னிக்கு இருபது வயது. 1965 இற் கம்பனியின் பங்குகள் இலண்டன் பங்குச் சந்தையிற் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1969 இல் ஜேம்ஸ் தம் பங்கை ஏ. ரீ. வி. என்னும் தொலைக்காட்சிக் கம்பனிக்கு விற்றார். உலகின் மிகப் புகழ்பெற்ற இருவர், தம் பாட்டுக்களை மீட்கப் பங்குகளைத் திரட்டிப் போராடியும் தோற்றனர்.

ஒரு பென்னி ஒப்பந்தம் என்னவாயிற்று? காலம் முடிந்ததும் 1967 ஜனவரியிற் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டு, ஊதியப் பங்கு பன்மடங்கு உயர்ந்தது. அங்கே புகழ் வென்றது. பாட்டுரிமை விடயத்தில் அதே புகழ் தோற்றது. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை எம்மூரவருக்கு விளக்குதல் எளிது. ஒற்றிக்குக் கொடுத்த காணியைப் பணம் வந்ததும் மீட்கலாம். அறுதியாய் எழுதிக் கொடுத்த காணியிற் பின்பு புதையல் கிடைத்தாலும் உறுதி வைத்திருப்பவனுக்கே சொந்தம்; விற்றவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். இன்னும் பார்க்கப்போனால், புகழ் வளர வளரக் காணியின் விலை ஏறுமேயன்றி, மீட்பது இலகுவாவதில்லை. 1985 இல் அப்பாட்டுக்கள் அடங்கிய தொகுதியை 4 கோடி 75 இலட்சம் டொலருக்கு வாங்கியவர் பாடகர் மைக்கேல் ஜாக்சன். பாட்டுரிமை வாங்குவது இலாபமானது என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர்களுள் மக்கார்ட்னியும் ஒருவர்! 1995 இல் அது சோனியின் தொகுதியோடு இணைந்தது. ஜாக்சன் இறந்தபின், 2016 இல், அக்கூட்டில் அவர் குடும்பச் சொத்துக்கிருந்த பாதிப் பங்கைச் சோனி 75 கோடி டொலருக்கு வாங்கியது.

நல்லெண்ணத்தாற் செய்த காரியத்துக்கும் இதே விதிதான். ஹரிசன் 1966 இற் பண்டிற் ரவிசங்கரிடம் சித்தார் பயிலத் தொடங்கியவர். குருவின் வேண்டுகோளின்படி, வங்காளதேச அகதிகளுக்காக 1971 ஓகஸ்ட் முதலாந் திகதி நியூயோர்க்கில் மாபெருங் கச்சேரி நடத்தினார். நுழைவுச்சீட்டுப் பணம் உடனே போய்ச் சேர்ந்தது. தட்டாலும் படத்தாலும் வந்த பெருந்தொகையோ, முற்கூட்டியே வரிவிலக்குக்கு ஒழுங்கு செய்யாத காரணத்தால், பல ஆண்டுகள் அமெரிக்க வரித் திணைக்களத்தோடு இழுபட்டது. பசித்த பிள்ளைகளுக்கு வேண்டிய பணம்!

பின்வந்தோர் சிலர் பாடம் படித்தனர். பாட்டின் உரிமை வேறு, பாடிய பதிவின் உரிமை வேறு என்பதை அமெரிக்கப் பாடகி டெயிலர் ஸ்விப்ற்றின் கதை காட்டுகிறது. அவரது முதல் ஆறு தொகுப்புக்களின் பதிவுகள் பழைய கம்பனிக்குச் சொந்தமாயிருந்து 2019 இற் கைமாறின. பாட்டுக்களை இயற்றிய உரிமை அவரிடம் இருந்தமையால், 2021 முதல் அவற்றுள் நான்கை மீண்டும் பாடி வெளியிட்டார். 2025 இற் பழைய பதிவுகளையும் விலைகொடுத்து வாங்கினார். இதற்கு வேண்டிய பணம் எத்தனை பேரிடம் உண்டு?

எம் மாணவனுக்கு நாம் கூறியது சிறிது. இதுவரை பாடிய ஒரு பாட்டை, குறித்த ஆண்டுகளுக்கு, குறித்த பங்குக்குக் கொடுக்கலாம்; 'இனிமேல்' என்ற சொல் தாளில் இருக்கும்வரை கையொப்பமிடாதே; சட்டத்தரணி ஒருவரிடம் காட்டு; நண்பர் மூவரையும் உன் தந்தையாரையும் கூட்டிக்கொண்டு போ என்றோம். நிறுவனம் கோபித்து விலகினால் என்ன செய்வது என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. டெக்கா மறுத்தபின் எப்ஸ்ரீன் ஏறி இறங்கிய படிகளை அவனுக்கு எடுத்துக் கூறினோம். அவன் முகம் தெளியவில்லை.

மக்கார்ட்னியின் காரியம் இப்படி முடிந்தது. 1978 இற்கு முன் பதிப்புரிமை பெற்ற ஆக்கங்களை, 56 ஆண்டு சென்றபின், அமெரிக்காவின் எல்லைக்குள் மட்டும் இயற்றியவர் மீளக் கோரலாம் என்று அந்நாட்டுச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1962 இன் பாட்டுக்களுக்கு அத்தவணை 2018 இல் வரவிருந்தது. 2017 ஜனவரியில் அவர் நியூயோர்க் நீதிமன்றத்திற் சோனியின் பாட்டுரிமைக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தார். லெனன் இறந்து அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டின் நடுப்பகுதியில் இரு தரப்பாரும் தமக்குள் இணங்கி வழக்கை முடித்துக்கொண்டனர். இணக்கத்தின் விவரம் வெளியிடப்படவில்லை. இருபது வயதிற் கையொப்பமிட்டவருக்கு அந்த ஜூன் மாதத்தில் எழுபத்தைந்து வயது நிறைந்தது.